பில்ட் பாஸ், லாக் ஃபைல் காணோம்: பேக்கேஜ் மேனேஜரை கிராஸ் கம்பைல் செய்த அனுபவங்கள்

லினக்ஸுக்காக எழுதிய ஒரு பேக்கேஜ் மேனேஜரை (மென்பொருட்களை நிறுவவும் நீக்கவும் உதவும் புரோகிராம்) ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை ஓஎஸ்ஸுக்கு போர்ட் செய்யும், அதாவது அங்கேயும் ஓடும்படி மாற்றும், வேலை எனக்கு வந்தது. கம்பைல் செய்யும் பில்ட் மெஷின் லினக்ஸ்; ஒரு சிஸ்டத்தில் இருந்துகொண்டு இன்னொன்றுக்காக கம்பைல் செய்வதால் இது கிராஸ் கம்பைல். இரண்டு பக்கமும் ஒரே 64-பிட் சிபியு. "சிபியு ஒன்றுதானே, சீக்கிரம் முடிந்துவிடும்" என்பார்கள். நான் பார்த்தவரை நேர் எதிர். சிபியு வேறாக இருந்தால் தப்பு நடந்த இடத்திலேயே சத்தம் வந்துவிடும். லிங்க்கர் பொருந்தாத லைப்ரரியை ஒதுக்கும், ஓட்டினால் "எக்ஸெக் ஃபார்மட் எரர்" வரும். ஓஎஸ் மட்டும் மாறும்போது அந்தக் காவலில் பாதி போய்விடுகிறது.

பில்ட் நடுவில் ஒரு சின்ன ஜெனரேட்டர் புரோகிராம் கம்பைலாகி, அங்கேயே ஓடி, ஒரு ஹெடர் ஃபைலை எழுதித் தரவேண்டும். ஓடவில்லை. "அப்படி ஒரு ஃபைலே இல்லை" என்கிறது ஷெல். எல்எஸ் போட்டால் ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது! பைனரியின் உள்விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப் போட்டுப் பார்த்தால் இன்டர்ப்ரெட்டர் என்ற இடத்தில் எல்டி-எல்ஃப்.எஸ்ஓ.1. அது ஃப்ரீபிஎஸ்டியின் டைனமிக் லோடர் (புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகளை ஏற்றுவது), லினக்ஸில் ஏது? காணாமல் போனது அதுதான். ஸ்டேட்டிக்காக, லைப்ரரிகளை உள்ளேயே சேர்த்து, லிங்க் செய்து ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால்களின் எண்களே வேறு. ஃப்ரீபிஎஸ்டியில் 1 என்றால் எக்ஸிட், 64-பிட் லினக்ஸில் 1 என்றால் ரைட்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, ஜெனரேட்டரை மட்டும் பில்ட் மெஷினின் சொந்த கம்பைலரில் கம்பைல் செய்வது. அந்த மேக்ஃபைலிலும் அதற்கு வழி இருந்தது. போட்டதும் ஹெடர் வந்தது, பில்ட் ஒரு வார்னிங்கூட இல்லாமல் முடிந்தது.

ஃப்ரீபிஎஸ்டியில் கிளப்பினால் லாக் ஃபைலை (lock: இரண்டு புராசஸ் ஒரே நேரத்தில் கைவைக்காமல் பூட்டுவது) திறக்க முடியவில்லை என்று முதல் அடியிலேயே நிற்கிறது. டைரக்டரி இருக்கிறது, பர்மிஷன் சரி, ரூட்டாக ஓட்டினாலும் அதே கதை. டச் போட்டு லாக் ஃபைலைக் கையால் உருவாக்கினால் தாண்டிப் போய், அடுத்து புதிதாக உருவாக்கவேண்டிய ஃபைலில் நிற்கிறது. அப்போதுதான் பொறி தட்டியது. சிஸ்டம் கால்களைக் காட்டும் ட்ரஸ் வைத்துப் பார்த்தால், ஓபன் காலில் ஓ_கிரியேட் கொடி (ஃபைல் இல்லையென்றால் உருவாக்கு என்று சொல்வது) இல்லவே இல்லை. சோர்ஸில் பளிச்சென்று இருக்கிறது.

விஷயம் இதுதான். அந்த ஜெனரேட்டரின் வேலையே சிஸ்டம் கான்ஸ்டன்ட்களை எண்ணாக எழுதி ஸ்கிரிப்ட் பக்கத்துக்குக் கொடுப்பது. லினக்ஸில் ஓடியதால் லினக்ஸின் எண்களை எழுதியிருக்கிறது. ஓ_கிரியேட் ஹெக்ஸில் லினக்ஸுக்கு 40, ஃப்ரீபிஎஸ்டிக்கு 200. அங்கே 40 என்றால் ஓ_அசிங்க், முற்றிலும் வேறு சமாச்சாரம். "இப்போது முடியாது, மறுபடி முயற்சி செய்" என்று சொல்லும் ஈ-அகெய்ன் பிழையும் இப்படித்தான்: இங்கே 11, அங்கே 35. ஃப்ரீபிஎஸ்டியில் 11 என்பது டெட்லாக் பிழை. லாக்கை இன்னொரு புராசஸ் பிடித்திருந்தால் காத்திருக்கவேண்டிய கோட், என்ன பிழை என்று புரியாமல் வெளியேறியிருக்கும். நல்லவேளை, லாக் ஃபைலிலேயே மாட்டியது.

ஜெனரேட்டரை ஓட்டுவதையே நிறுத்திவிட்டேன். டார்கெட்டான ஃப்ரீபிஎஸ்டிக்குரிய கம்பைலரில் அசெம்பிளி வரைக்கும் மட்டும் கம்பைல் செய்து, அதிலிருந்து எண்களைப் பொறுக்கி எடுக்கிறேன். எதையும் ஓட்டவேண்டியதில்லை. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்களை (பில்டுக்கு முன் சிஸ்டத்தைச் சோதிப்பவை) உருவாக்கும் ஆட்டோகான்ஃபில் இதற்கென்றே ஒரு மேக்ரோ உண்டு: அரே அளவு மைனஸில் போனால் கம்பைல் ஆகாது என்பதை வைத்தே எண்ணைத் துழாவிக் கண்டுபிடிக்கும். குசும்பான ஐடியா, ஆனால் வேலை செய்கிறது.

* * *

உங்க பதிவுல எண்கள் சரி, பில்ட் மெஷினோட லைப்ரரி உள்ளே கசியறதையும் பாருங்க. லைப்ரரி எங்கே இருக்குன்னு பில்டுக்குச் சொல்ற பிகேஜி-கான்ஃபிக்குக்கு "பாத்" வேரியபிளை மட்டும் செட் பண்ணினா தேடுற இடம் கூடுமே தவிர, பில்ட் மெஷினோட டைரக்டரி விலகாது. "லிப்டிர்" வேரியபிள்தான் பழைய இடங்களைத் தூக்கிட்டு நாம சொன்னதை வைக்கும். கூடவே சிஸ்ரூட்டையும் (டார்கெட்டோட ஹெடர், லைப்ரரி இருக்கிற டைரக்டரி) கொடுங்க. முடிஞ்சதும் ஒவ்வொரு பைனரிக்கும், லைப்ரரிக்கும் ரீட்எல்ஃபில் "நீடட்" வரிகளை (எந்த லைப்ரரிகள் வேணும்னு சொல்றவை) பார்த்துடுவேன். லிப்சி.எஸ்ஓ.6 இருந்தா ஏதோ லினக்ஸ் சரக்கு உள்ளே புகுந்திருக்கு. ஃப்ரீபிஎஸ்டியோடது 7.

* * *

நான் செய்தது முதல் பதிவுக்குத் தலைகீழ். பில்ட் ஃப்ரீபிஎஸ்டியில், டார்கெட் லினக்ஸ். கான்ஃபிகருக்கு ஹோஸ்ட் (எங்கே ஓடப்போகிறது) மட்டும் கொடுத்து, பில்ட் (எங்கே கம்பைல் ஆகிறது) கொடுக்காமல் விட்டிருந்த ஸ்கிரிப்ட் அது. அப்படி விட்டால் கான்ஃபிகர் ஒரு டெஸ்ட் புரோகிராமை ஓட்டிப் பார்த்துதான் கிராஸா இல்லையா என்று முடிவெடுக்கும். மெஷினில் லினக்ஸ் பைனரிகளை ஃப்ரீபிஎஸ்டியிலேயே ஓட்டும் லினக்ஸ் கம்பாட்டிபிலிட்டி லேயர் ஆனில் இருந்தது. டெஸ்ட் ஜம்மென்று ஓடியது, "இது கிராஸ் இல்லை" என்று முடிவாகிவிட்டது. இரண்டையும் சொல்லிவிடுங்கள், யூகிக்க விடாதீர்கள்.

சொன்ன பிறகு அடுத்தது வந்தது: லிங்க் நேரத்தில் "ஆர்பிஎல்_மாலக் எங்கே?" மெமரி ஒதுக்கும் மாலக்குக்கு பூஜ்யம் கொடுத்தால் என்ன திரும்பும் என்று ஓட்டிப் பார்க்க முடியாததால், பழைய கான்ஃபிகர் மோசமான விடையையே எடுத்துக்கொண்டு, ஆர்பிஎல்_மாலக் என்ற மாற்று ஃபங்ஷனைக் கூப்பிட வைக்கிறது. அதை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. விடையை கேஷ் வேரியபிளாக முன்கூட்டியே கொடுத்தால் போதும்.

* * *

குனு திட்டத்தின் ஹர்ட் ஓஎஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. ஒரு பாத் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று சொல்லும் பாத்_மேக்ஸ் அங்கே கிடையாது. டிஃபைன் செய்தே ஆகவேண்டும் என்று யூனிக்ஸ் வகை ஓஎஸ்களுக்கான போசிக்ஸ் தரமும் சொல்லவில்லை. 4096 என்று நீங்களே ஒரு வரி போட்டால் கம்பைல் ஆகிவிடும், ஆனால் பேக்கேஜ் மேனேஜருக்கு முழு நேர வேலையே பாத்களோடுதான். முழு பாத்தைக் கண்டுபிடித்துத் தரும் ரியல்பாத் ஃபங்ஷனுக்கு இரண்டாவது ஆர்க்யுமென்ட் நல் கொடுத்தால் வேண்டிய இடத்தை அதுவே ஒதுக்கித் தரும். அப்படி மாற்றிய பேட்ச்சை மூலக் கோடிலேயே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

* * *

முதல் பதிவு போட்டவருக்கு ஒரு கேள்வி. டெஸ்ட் சூட்டை லினக்ஸிலேயே கியூஇஎம்யு எமுலேட்டரின் யூசர் மோடில் (முழு மெஷின் இல்லாமல் ஒரு புரோகிராமை மட்டும் ஓட்டுவது) ஓட்ட முடியாதா?

* * *

முதல் பதிவு போட்டவன் நான்தான். முடியாதுங்க. லினக்ஸில் அது வேறு சிபியுவுக்கான லினக்ஸ் பைனரியை ஓட்டும், வேறு ஓஎஸ்ஸின் சிஸ்டம் கால்களை மொழிபெயர்க்காது. முழு விர்ச்சுவல் மெஷினில் ஃப்ரீபிஎஸ்டியைப் போட்டு, பில்ட் டைரக்டரியை என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வு) மவுன்ட் செய்து, எஸ்எஸ்ஹெச் வழியாக டெஸ்ட் ஓட்டுகிறேன். ஸ்கிரிப்ட்களில் /பின்/பாஷ் என்று எழுதியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அங்கே பாஷ் பேஸ் சிஸ்டத்தில் வராது, நிறுவினாலும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில்தான் உட்காரும்.