ஃபேர் ஐல் தீவுக்கு செப்டம்பர் கடைசில போலாமா?

கேள்வி: அபர்டீன்ல இருக்கேன், ஸ்காட்லாந்தோட வடக்கு ஷெட்லாண்ட் தீவுகள் பக்கம் ஃபேர் ஐல்ல ஒரு வாரம் தங்கி பறவை பாக்கலாம்னு பிளான். செப்டம்பர் கடைசி ஓகேவா, இல்ல அக்டோபரா?

பதில் 1: செப்டம்பர் கடைசி சூப்பர் ப்ரோ, ஆனா தேதிய விட காத்துதான் முக்கியம், தென்கிழக்குலேர்ந்து அடிச்சா சைபீரியா பக்கத்து வார்ப்ளர்ங்கற குட்டிப் பறவைலாம் வழிதவறி வந்து எறங்கும், மரம்னு சொல்ல பெருசா ஒண்ணும் இல்லாததால கல்லு சுவரோரம், ஓடைப் பள்ளம், டர்னிப் பாத்தினு ஒளிஞ்சிருக்கும். லான்சியோலேட்டட் வார்ப்ளர் கெடச்சா லக்கு, எலி மாதிரி புல்லுக்குள்ள கால்கிட்டயே ஓடும்!

பதில் 2: திரும்புற டிக்கெட்ட டைட்டா போடாதீங்க. மூடுபனின்னா குட்டி பிளேன் வராது, கடல் கொந்தளிச்சா படகும் கெடையாது.

கேட்டவர்: மேற்கு காத்தாவே அடிச்சுச்சுன்னா?

பதில் 1: செம்மறியாடு பாக்கலாம் :)