கம்பி, நரம்பு, தந்தி: கிட்டாருக்கு மூன்று சொற்களும் வேண்டும்

அன்பார்ந்த குழுவினருக்கு வணக்கம்.

கிட்டாரின் "ஸ்ட்ரிங்" என்பதற்கு ஒரே தமிழ்ச் சொல்லைத் தேர்ந்துவிட வேண்டும் என்று இரு வாரங்களாக நடந்துவரும் உரையாடலை ஒரு மடலும் விடாமல் வாசித்துவந்தேன். நரம்பு என்பது பழந்தமிழ்ச் சொல் என்பதால் அதுவே போதும் என்று மூத்தவர்கள் சிலர் எழுதினார்கள். வீணையோடு பழகியவர்கள் தந்தி என்றார்கள். கடையில் கேட்டால் கம்பி என்றுதானே தருகிறார்கள் என்று மட்டக்களப்பு நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைவிட்டால், ஆங்கிலத்திலே ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஒரு முக்கியமான வேறுபாட்டைத் தமிழிலும் இழந்துவிடுவோம் என்று அஞ்சுகிறேன். அந்த அச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு.

வெள்ளவத்தையில் என் வீட்டிலேயே சில பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ்மூலம் படிக்கும் பிள்ளைகள் என்பதால் அவர்களுக்கென நான்கு பக்கக் கைக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். அதிலே "புதிதாகப் பழகுவோர் இலேசான நரம்புகளை வாங்கவும்" என்று ஒரு வரி இருந்தது. சென்ற மாதம் ஒரு பையன் தன் மாமாவின் பழைய கிட்டாருக்கு அப்படியே வாங்கிப் பூட்டிக்கொண்டு வந்தான். அவன் கேட்டது இலேசான நரம்பு. கடையில் கொடுத்தது "லைட்" என்று அச்சிட்ட பெட்டி. இரண்டும் பொருந்தின. ஆனால் மாமாவின் கிட்டார் நைலோனுக்கென்று செய்த கிளாசிக்கல் கிட்டார்; பெட்டிக்குள் இருந்ததோ உருக்கு. முடிச்சுப் போடவேண்டிய துளைகளுக்குள் பித்தளைக் குண்டுமணி முனைகளை இழுத்துச் செருகியிருந்தான். குதிரையின், அதாவது தந்திகளைப் பலகையோடு பிணைக்கும் கட்டையின், பின்விளிம்பு பலகையிலிருந்து கிளம்பி, என் பஸ் டிக்கட்டை அந்த இடைவெளிக்குள் விரல் நகமளவு தூரம் நுழைக்கக்கூடியதாக இருந்தது. எல்லாவற்றையும் தளர்த்திக் கழற்றும்போது அவன் என் கைக்குறிப்பின் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டினான். கடைக்காரர் மீதும் பிள்ளை மீதும் பிழையில்லை. நான் எழுதிய சொல்தான் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாக்கிவிட்டது.

அந்த இரண்டும் எவ்வளவு வேறானவை என்பதை எண்ணிக்கையில் பார்ப்போம். வழக்கமான சுருதியில் கட்டிய ஓர் உருக்குத் தொகுதி, முதலாவது 12 முதல் ஆறாவது 53 வரையானது (எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு விட்டம் என்பதைச் சொல்பவை), கிட்டாரின் மீது ஏறத்தாழ 70 கிலோவுக்கு மேலான இழுவையை ஏற்றுகிறது. நைலோன் தொகுதி ஏற்றுவது ஏறத்தாழ 40 கிலோ. நைலோனுக்கென்று செய்த கிட்டாரின் மேற்பலகையும் உள்ளே ஒட்டிய தாங்குசட்டங்களும் அந்தச் சிறிய சுமையை நம்பியே மெல்லியதாகச் சீவப்படுகின்றன. உருக்கின் சுமையைத் தாங்கும் கிட்டார்கள் தனியே வளர்ந்த ஒரு மரபு. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1920களில்தான் தன் கிட்டார்களை உருக்குக்கு ஏற்ப வலுப்படுத்தத் தொடங்கியது.

ஆகவே என் முன்மொழிவு இதுதான். உருக்கு என்றால் கம்பி. நைலோன் என்றால் நரம்பு. இரண்டையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்லும்போது தந்தி. கிட்டார்களையும் அவ்வாறே கம்பிக் கிட்டார், நரம்புக் கிட்டார் என்று அழைக்கலாம். "இது கம்பிக் கிட்டாரா, நரம்புக் கிட்டாரா" என்று கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் குதிரை கிளம்பியிருக்காது.

இந்தப் பங்கீடு செயற்கையானது என்று சிலருக்குத் தோன்றக்கூடும். மொழிக்குள்ளே ஏற்கெனவே இருக்கும் சாய்வைத்தான் நான் பின்பற்றுகிறேன். நரம்பு என்ற சொல்லில் உடலின் தசைநார் இருக்கிறது. இன்றைய நைலோனுக்கு முன்னோடியாக இருந்தது ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்த இழை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்தக் குடலிழைக்குத் தட்டுப்பாடு வந்தபோதுதான் நியூயோர்க்கில் அல்பேர்ட் அகஸ்டின் என்பவர், கிட்டார்க் கலைஞர் அந்திரேஸ் செகோவியாவின் ஊக்கத்தோடு, 1940களில் நைலோன் இழையைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். எனவே நைலோனை நரம்பு என்பது அதன் குலவழியோடு ஒத்துப்போகிறது. கம்பி என்பதோ உலோகத்துக்கு மட்டுமே உரிய சொல், க.பொ.த. உயர்தர மாணவர்கள் சுரமானியில், அதாவது ஈர்த்த கம்பியின் அதிர்வை ஆராயும் ஆய்வுகூடக் கருவியில், கட்டுவதும் கம்பிதான். நைலோன் தொகுதியின் கீழ்ச்சுருதி மூன்றிலும் உலோகம் சுற்றியிருக்கிறதே என்று கேட்கலாம். அவற்றின் உள்ளே இருப்பது நைலோன் இழைக் கற்றை. சுமையைத் தாங்குவதும் அதுவே. ஆதலால் அவை நரம்பே. தந்தி என்றால் மூத்தவர்களுக்குத் தபாற்கந்தோரின் நினைவு வரும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சேவை பிள்ளைகளின் வாழ்வில் இல்லாததால் சொல் இன்று ஓய்வாக இருக்கிறது, இசைக்கு அதை முழுமையாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி "கேஜ்", அதாவது தந்தியின் தடிப்பைச் சொல்லும் அளவு. இதற்குக் கணிச்சி என்று யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். நுண்மானித் திருகுக் கணிச்சி என்று பாடநூலில் படித்த நமக்கு அது பழகிய சொல். ஆயினும் அங்கே கணிச்சி என்பது அளக்கும் கருவி. இங்கே வேண்டியதோ அளந்து கிடைத்த அளவு. அதைவிடப் பெரிய இடையூறு ஒன்றும் இருக்கிறது. புறக்கோட்டையில் இரும்புச் சாமான் விற்கும் கடைகளில் கம்பியை நியம எண்ணால் கேட்பார்கள். அந்த முறையில் எண் கூடக்கூடக் கம்பி மெலியும். கிட்டாரில் எண் கூடக்கூடத் தடிக்கும், ஏனென்றால் அந்த எண் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் நேரடி விட்டம். கிட்டாரின் 12 என்பது 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர். இரும்புக்கடையின் 12ஆம் எண் கம்பியோ 2.64 மில்லிமீற்றர் தடிப்பு. கிட்டாரின் 12ஐ அந்த முறையில் தேடினால் 30க்கும் 31க்கும் இடையில் கிடைக்கும். இரண்டு முறைக்கும் கணிச்சி என்ற ஒரே சொல்லை வைத்தால் குழப்பத்தை நாமே உண்டாக்கியவர்களாவோம். நேரடி விட்டத்தை விட்டம் என்றே சொல்வோம். புதிய சொல் எதுவும் தேவையில்லை. தடிமன் என்று கனடாவிலிருந்து எழுதிய நண்பர் சொன்னது பொருளளவில் சரிதான், ஆனால் நம்மூரில் தடிமன் என்றால் முதலில் மூக்கடைப்பே நினைவுக்கு வரும் என்பதால் பிள்ளைகளுக்கான குறிப்பில் அதைத் தவிர்க்க விரும்புகிறேன்.

பெட்டிகளின் மேல் உள்ள "லைட்", "மீடியம்" என்ற சொற்களை மென்மை, நடுத்தரம் என்று பெயர்ப்பதை நான் முழுமையாக மறுக்கிறேன். கம்பிக் கிட்டார்த் தொகுதிகளில் 10 எனத் தொடங்குவது "எக்ஸ்ட்ரா லைட்", 11 "கஸ்டம் லைட்", 12 "லைட்", 13 "மீடியம்". கடையில் பெரும்பாலும் வாங்கப்படும் வரிசையில் கடைசியில், மிகத் தடிப்பாக நிற்பதற்குத்தான் மீடியம் என்று பெயர். நடுத்தரம் என்று நாம் எழுதினால், எதற்கும் நடுவிலே இருப்பதை வாங்குவோம் என்று நினைக்கும் புதியவர் 13ஐக் கொண்டுபோய் இரண்டே நாளில் விரல்நுனி புண்ணாகி நிற்பார். வணிகர் வைத்த பெயரின் பிழையைத் தமிழுக்குள் கொண்டுவரவேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. முதற்கம்பியின் விட்டத்தைக் கொண்டே தொகுதிக்குப் பெயரிடலாம்: "முதற்கம்பி 11", "முதற்கம்பி 12". வாத்தியக்காரர்களும் பேச்சில் எண்ணைத்தான் சொல்கிறார்கள். வெறுமனே "12 தொகுதி" என்று எழுதினால் பன்னிரண்டு தந்திகள் கொண்ட கிட்டாரோடு மயங்கும் என்பதால் முதற்கம்பி என்ற சொல் முன்னால் நிற்பது அவசியம். முதற்கம்பி என்பது மிக மெல்லியது, வாசிப்பவரின் மடிக்கு அண்மையில் இருப்பது என்பதையும் ஓரிடத்தில் எழுதிவிட வேண்டும். முகத்துக்குக் கிட்ட இருப்பதையே முதலாவது என்று எண்ணாத பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை.

எண்ணைச் சொல்வதில் இன்னொரு நன்மை, அதைக் கொண்டு கணக்குப் பார்க்கலாம் என்பது. ஈர்த்த கம்பியின் மீடிறன் அதன் நீளம், இழுவை, அலகு நீளத் திணிவு ஆகிய மூன்றிலும் தங்கியிருக்கிறது. (தமிழக நண்பர்கள் இவற்றை அதிர்வெண், இழுவிசை, நிறை என்று வாசித்துக்கொள்க.) நீளமும் சுருதியும் மாறாதிருக்க, சுற்றில்லாத கம்பியின் இழுவை விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 12ஐக் கழற்றிவிட்டு 13ஐக் கட்டினால் விட்டம் கூடியது ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம், தலைமயிரைவிட மெல்லிய வேறுபாடு. ஆனால் 169ஐ 144ஆல் வகுத்தால் அந்தக் கம்பியின் இழுவை 17 வீதம் ஏறியிருக்கும். 11க்கு இறங்கினால் 16 வீதம் குறையும். பத்து வயதுப் பிள்ளைக்கு 10 அல்லது 11, பெரிய உடலுடைய கிட்டாரில் பலமாக அடித்து வாசிப்பவருக்கு 12 அல்லது 13 என்று நான் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கே. மெல்லிய கம்பி விரலுக்கு இதம். தடித்த கம்பி மேற்பலகையைக் கூடுதலாக அசைத்து ஒலியைப் பெருக்கும்.

நரம்புக் கிட்டாருக்கு நிலைமை வேறு. அந்தப் பெட்டிகளில் விட்டத்தை முன்னிறுத்தாமல் இழுவையைச் சொல்லியே விற்கிறார்கள். அதனால் அங்கே இயல் இழுவை, உயர் இழுவை என்ற சொற்களைப் பயன்படுத்தலாம். கம்பிக்கு விட்டம், நரம்புக்கு இழுவை என்று சொல்வழக்கே பிரிந்துவிட்டால், கேட்பவர் எந்தக் கிட்டாரைப் பற்றிப் பேசுகிறார் என்பது கேள்வியிலிருந்தே தெரிந்துவிடும்.

மேலே உலோக இழை சுற்றிய தந்தியைக் குறிக்கும் "வௌண்ட்" என்பதற்குப் புரிநரம்பு என்று முன்மொழிந்த அம்மையார் புறநானூற்றில் வரும் "பொன்வார்ந் தன்ன புரியடங்கு நரம்பின்" என்ற தொடரைக் காட்டியிருந்தார். புதிதாகக் கட்டிய தொகுதியின் மேல் யன்னல் வெளிச்சம் விழும்போது அந்தத் தொடரை நினைக்காமல் இருக்க முடியாது. உருக்கிய பொன்னை இழையாக வார்த்ததுபோலவே இருக்கிறது. ஆனாலும் புரி என்பது இழைகளை ஒன்றோடொன்று முறுக்குவது. இங்கே நடப்பது, அறுகோண முகம் கொண்ட உருக்கு உள்ளிழை ஒன்றின் மேல் வேறோர் உலோக இழையை நெருக்கமாகச் சுற்றுவது. விறைப்பைக் கூட்டாமல் திணிவைக் கூட்டுவதே அதன் நோக்கம். சுற்றுக்கம்பி, வெறுங்கம்பி என்ற எளிய இணை எனக்குப் போதுமானதாகப் படுகிறது. புரிநரம்பைக் குடலிழைக்கென்று வைத்துக்கொண்டால் அது மிகச் சரியாகப் பொருந்தும்.

சுற்றின் உலோகத்திலும் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. "80/20 புரோன்ஸ்" என்று விற்கப்படுவது 80 பங்கு செம்பும் 20 பங்கு நாகமும் (துத்தநாகம்) சேர்ந்தது. செம்பும் நாகமும் சேர்ந்தால் பித்தளை என்பது நம் பாத்திரக் கடைக்காரருக்கே தெரியும். செம்போடு வெள்ளீயமும் சிறிதளவு பொசுபரசும் சேர்ந்த மற்றதுதான் உண்மையான வெண்கலம். 1974இல் டடாரியோ நிறுவனம் அதைக் கிட்டாருக்கு அறிமுகப்படுத்தியது. முதலாவதைப் பித்தளைச் சுற்று என்றும் இரண்டாவதை வெண்கலச் சுற்று என்றும் எழுதுவோம். பித்தளைச் சுற்று தொடக்கத்தில் பளிச்சென்று ஒலித்து விரைவில் மங்கும். வெண்கலச் சுற்றின் ஒலி சற்றுக் கனிந்தது, கூடுதல் காலம் நிலைக்கும். கடையில் தடுமாறாதிருக்க, பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கும் என்பதையும் பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் தந்துவிடலாம்.

துருவைத் தடுக்க மேலே பூச்சிட்ட "கோட்டட்" என்பதற்குப் பூச்சுக்கம்பி என்ற முன்மொழிவை ஏற்கிறேன். கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் என் வீட்டில் பூச்சில்லாத வெறுங்கம்பிகள் மூன்று வாரத்தில் கரகரக்கத் தொடங்கிவிடும். துடைத்த துணியில் துரு செம்மண்ணாக ஒட்டும். பூச்சுக்கம்பி விலை கூடியது, ஆனால் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் வசிப்பவர்களுக்கு அதுவே மலிவு.

கைக்குறிப்பின் அந்த வரியைத் திருத்தி எழுதிவிட்டேன்: "முதலில் உங்களுடையது கம்பிக் கிட்டாரா நரம்புக் கிட்டாரா என்று பாருங்கள், குதிரையில் தந்தி முடிச்சிடப்பட்டிருந்தால் அது நரம்புக் கிட்டார், ஆணி குத்தியிருந்தால் கம்பிக் கிட்டார். கம்பிக் கிட்டார் என்றால் முதற்கம்பி 11 கேட்டு வாங்குங்கள். நரம்புக் கிட்டார் என்றால் இயல் இழுவை நரம்பு கேளுங்கள்." வரும் சனிக்கிழமை இதைப் படியெடுத்துப் பிள்ளைகளிடம் கொடுக்கவேண்டும். இயல் இழுவை என்பது பத்து வயதுப் பிள்ளையின் வாயில் இலகுவாக வருமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதைவிட எளிய சொல் உங்களிடம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து