தொட்டியில் மிதக்கும் செடி சிவந்துபோகிறது, இது என்ன செடி?

கேள்வி (கேத்தி, நீலகிரி)

வணக்கம். வீட்டுக்குப் பின்னால், கேரட் கழுவ மாமனார் கட்டிய சிமெண்ட் தொட்டியில் இப்போது அல்லி வளர்க்கிறேன். ஆகஸ்டில் ஒரு நர்சரியில் வாங்கிய அல்லிக் கிழங்கோடு ஏதோ மிதக்கும் செடியும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஓரத்தில் இருப்பவை விரல் நகம் அளவு. நடுவில் இருப்பவை ஐந்து ரூபாய் நாணயம் அளவு, தொட்டால் சொரசொரப்பு. சின்னவை குட்டிகள், பெரியவை முற்றியவை என்று நினைத்திருந்தேன். டிசம்பர் உறைபனிக்குப் பிறகு சின்னவை எல்லாம் செம்பு நிறமாகிவிட்டன. சாகப்போகிறதா? உரம் போடலாமா? கோழிகள் வேறு ஆசையாகக் கொத்துகின்றன.

பதில் (குன்னூர்)

ஆகாயத்தாமரைதான். ஊட்டி ஏரியைப் பார்த்திருப்பீர்களே! மொத்தமாக அள்ளிப் போடுங்கள்.

பதில் (கோத்தகிரி)

ஆகாயத்தாமரை இல்லை. அதற்கு இலைக்காம்பு பலூன் மாதிரி உப்பியிருக்கும். உங்கள் தொட்டியில் இருப்பது இரண்டு வேறு செடிகள் என்று எனக்குப் படுகிறது. பெரியதில் ஒன்றை எடுத்து, ஃபோன் கேமராவில் பெரிதாக்கி அந்த முடிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் நான்காகப் பிரிந்து, நுனியில் மறுபடி சேர்ந்து, முட்டை அடிக்கும் கம்பி மாதிரி இருக்கிறதா? அப்புறம் இரண்டையும் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அக்கா, அப்படியே இருக்கிறது! அடியில் பழுப்பாக வேர்க்கொத்து. சின்னதில் மெல்லிய தனித்தனி வேர்கள், இலைகள் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று.

பதில் (கோத்தகிரி)

சரி, சின்னது அசோலா. குளிரும் வெயிலும் சேர்ந்தால் சிவக்கும், பயப்பட வேண்டாம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தாலும் சிவக்கும். கழுவிவிட்டுத் தீவனத்தோடு கொஞ்சம் கலந்து கோழிக்குக் கொடுக்கலாம்.

பெரியது சால்வினியா. கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்பார்கள், ஆனால் பூர்வீகம் பிரேசில். அடியில் தொங்குவது வேர் அல்ல, உருமாறிய இலை. இது வித்தால் பரவுவதில்லை, ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடியாகிவிடும். அதனால் கரண்டியால் கிளறாமல், வலையால் மெதுவாக அள்ளுங்கள். ஓடைப் பக்கம் கொட்டவே கூடாது. சிமெண்ட் தரையில் சருகாகும்வரை காயவிட்டு எருக்குழியில் போடுங்கள். ஒரு தடவையில் தீராது, வாரம் ஒருமுறை பாருங்கள்.

அசோலாவைத் தனி டப்பில் அரையடித் தண்ணீரில் விடுங்கள். இரண்டு கை சலித்த மண், கொஞ்சம் சாணக் கரைசல் போதும். அல்லித் தொட்டியில் சாணம் கரைக்காதீர்கள், பாசி கட்டிவிடும். பனி விழும் இரவுகளில் டப்பின் மேல் சாக்கு போடுங்கள். அசோலா வளர்ந்து தண்ணீரில் பாதிக்கு மேல் மூடினால் அள்ளிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள், நெருக்கினால் அழுகும். முக்கியமாக, தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி கேட்டவர் (மூன்று வாரம் கழித்து)

டப்பில் நடுப்பகுதி பச்சையாகிவிட்டது அக்கா. அதிலும் ஒரு சால்வினியா துண்டு தலைகாட்டியது, எடுத்துவிட்டேன். வழியும் தண்ணீர் கீழ்த் தோட்டத்து வாய்க்கால் வழியாக ஓடைக்குப் போகிறது. நீங்கள் கேட்ட அன்றே குழாய் வாயில் கொசுவலை கட்டினேன். வாய்க்காலோடு இறங்கிப் பார்த்தபோது, கல் இடுக்கில் தேங்கிய தண்ணீரில் நான்கு செடி இருந்தது. எடுத்துக் காயப் போட்டேன். ஓடையில் இதுவரை ஒன்றும் இல்லை.

பதில் (கோத்தகிரி)

நல்ல வேலை செய்தீர்கள். கோடை மழைக்கு முன்னால் அந்தக் கல் இடுக்கை இன்னொருமுறை பாருங்கள். கீழ்த் தோட்டத்துக்காரர்களுக்கும் ஒரு செடியைக் காட்டி வையுங்கள்.