வன்னியில் எடுக்கிற நிலக்காட்சி எல்லாம் தட்டையாக வருகிறது, என்ன செய்யலாம்?

மாங்குளத்தான்:

வேலை விஷயமாக வவுனியா, மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு என்று மோட்டார் சைக்கிளில் ஓடித் திரிகிற ஆள் நான். பையில் ஒரு பழைய கனன் கமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ். வேறு வாங்குகிற யோசனை இப்போதைக்கு இல்லை. வழியில் வயல், குளம், பனங்கூடல் என்று எது கண்ணில் பட்டாலும் நிறுத்தி எடுப்பேன். நேரில் பார்த்தால் அவ்வளவு வடிவு. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் மேலே பாதி வெள்ளை வானம், கீழே பாதி பச்சை, நடுவில் ஒரு கோடு. நுவரெலியா, எல்ல பக்கம் போகிறவர்களுக்கு மலை இருக்கிறது, பள்ளத்தாக்கு இருக்கிறது. இங்கே ஏறி நின்று பார்க்க ஒரு மேடு கூட இல்லை. இரணைமடு, ஆனையிறவு, நந்திக்கடல் மூன்றையும் எடுத்துப் பார்த்தாயிற்று. எல்லாம் ஒரே படம் போல இருக்கிறது. பயணத்துக்கு நடுவே அதிக நேரமும் கிடைக்காது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலைப்பழம்:

தம்பி, மேடு இல்லை என்று யார் சொன்னது? குளக்கட்டு எதற்கு இருக்கிறது? கட்டில் ஏறினால் ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் வாய்க்காலும் வயலும். வன்னியில் அதைவிட உயரம் தேடி அலைய வேண்டாம்.

நான் கல்யாண வீட்டுப் படம் எடுத்துப் பிழைக்கிறவன். நிலக்காட்சி என் சொந்த ஆசைக்கு. எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வானம் வெள்ளையாக வருகிறது என்கிறபடியால் காலை பத்துக்கும் பின்னேரம் மூன்றுக்கும் இடையில்தான் நிறுத்துகிறீர்கள் போல. அந்த நேரத்து வெயிலில் மரத்தின் நிழல் மரத்தின் காலடியிலேயே விழும். நிழல் நீளாத வரை தட்டை நிலம் தட்டையாகத்தான் தெரியும். சூரியன் சாய்ந்தால் வரம்புக்கு ஒரு நிழல், மாட்டுக் குளம்பு பதிந்த குழிக்கு ஒரு நிழல் வரும். ஆனால் நம் பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்ட நேர்குத்தாக இறங்குகிறது. நல்ல வெளிச்சம் அரை மணித்தியாலம் கூட நிற்காது, மறைந்து இருபது நிமிடம் போனால் இருட்டு. ஐரோப்பாக்காரர் யூடியூப்பில் சொல்கிற நீண்ட பொன் வெளிச்சம் இங்கே கிடையாது. ஆகவே ஐந்தரைக்கு எந்த இடத்தில் நிற்பது என்று காலையிலேயே முடிவு எடுத்துவிட்டுப் பயணத்தை அதற்கு ஏற்றபடி ஓடுங்கள். போகிற வழியில் எல்லா இடத்திலும் நிறுத்தினால் ஓரிடத்திலும் படம் கிடைக்காது.

இடத்தோடு மாதமும் முக்கியம். இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டு குளத்தின் வடக்குப் பக்கத்தில் இருக்கிறது, தண்ணீர் தெற்கே. மார்கழியில் சூரியன் மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை தெற்கே தள்ளி மறையும். கட்டில் நின்றால் தண்ணீருக்கு மேலேயே விழும். ஆனியில் அதே அளவு வடக்கே தள்ளி, வயல் பக்கம் போய்விடும். ஆனி மாதம் அங்கே பின்னேரம் போய் ஏமாந்து வருகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனையிறவில் இந்தக் கவலை இல்லை. வீதிக்கு இரண்டு பக்கமும் நீரேரி, காலையும் எடுக்கலாம் மாலையும் எடுக்கலாம். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் மட்டும் விடியற்காலையிலேயே போங்கள். வெயில் ஏறினால் தண்ணீர் அலையடிக்கும், அதில் பிம்பம் விழாது.

இனி அந்தக் கோட்டு விஷயம். படத்தில் முன்னுக்கு ஒன்றும் இல்லாவிட்டால் கண் நேராக அடிவானத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நிற்கும். துருசின் (குளத்து மதகின்) இரும்புச் சக்கரம், கரையில் ஏற்றி வைத்த வள்ளம், கோடையில் குளம் வற்றும்போது வெளியே வருகிற பட்ட மரக்கட்டை, வெடித்த சேறு, எது கிடைத்தாலும் அதற்குப் பக்கத்தில் போய்க் குந்துங்கள். உங்கள் 18 மில்லிமீற்றரில் லென்ஸ் துவாரம் (அப்பேச்சர்) 11 வைத்து ஒன்றரை மீற்றர் தூரத்தில் போக்கஸ் பண்ணினால் முக்கால் மீற்றரிலிருந்து தொடுவானம் வரை கூர்மையாக வரும். இதற்குப் புது லென்ஸ் தேவையில்லை, முழங்கால் வலி இல்லாமல் இருந்தால் போதும். அடிவானத்தை நடுவில் வைக்காதீர்கள். மாரி மேகம் திரண்டு நின்றால் வானத்துக்கு முக்கால் பங்கு கொடுங்கள், வெறும் வானம் என்றால் ஒரு கீற்று போதும். வெளிச்ச அளவை வானத்துக்கு வைத்து, ரோவில் (RAW கோப்பாக) எடுத்து, நிலத்தின் இருட்டைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன வானத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

சோளகம்:

பாலைப்பழம் அண்ணை சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எல்லாவற்றையும் 18இல் எடுக்கத் தேவையில்லை. அகல லென்ஸ் தூரத்துப் பனையைக் குண்டூசி ஆக்கிவிடும். பரந்தனிலிருந்து பூநகரிப் பக்கம் போனால் தரவை வெளியில் பனைகள் தள்ளித் தள்ளி நிற்கும். 55க்குத் திருப்பிப் பாருங்கள், எல்லாம் கிட்டக் கிட்ட வந்து வரிசை கட்டும். தை மாதத்துக் காலைப் பனியில் முன்மரம் கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கு அங்காலே வெறும் சாயல். மலை இல்லாத குறை அதில் தெரியாது.

போலரைசர் பில்டர் ஒன்று மட்டும் வாங்குங்கள். மழைக்குப் பிறகு நெல் இலையில் அடிக்கிற மினுக்கத்தை எடுத்துவிடும், பச்சை நன்றாக ஏறும். சூரியன் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கும்போதுதான் வானத்தில் வேலை செய்யும்.

முல்லை அக்கா:

படம் எல்லாம் சரி. குந்துகிறது, பற்றைக்குள் இறங்குகிறது என்று எழுதுகிறீர்கள், அதனால் சொல்கிறேன். மிதிவெடி இருக்கிறது என்று சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்ட இடத்தில் றோட்டை விட்டு ஓரடி கூட இறங்க வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும் ஆட்களும் மாடுகளும் நடந்த தடத்திலேயே நில்லுங்கள். முகாம், சோதனைச் சாவடி பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கம் இருட்டினால் யானை வரும், வெளிச்சம் போனதும் கிளம்புங்கள்.

வட்டுவாகலில் நின்றால் மேற்கே நந்திக்கடல், மாலை வெளிச்சம் நன்றாக விழும். இறால் பிடிக்கிற ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், ஒருவரும் மறுக்கமாட்டார்கள். மே மாத நடுவில் முள்ளிவாய்க்கால் பக்கம் போனால் கமரா பையிலேயே இருக்கட்டும். அழுகிறவர்களை முன்னுக்கு வைத்துக் கடலை எடுத்த படங்களைப் பார்த்து எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

மாங்குளத்தான்:

எல்லோருக்கும் நன்றி. நேரத்தைப் பற்றி அண்ணை சொன்னது சரிதான், வேலைக்கு நடுவில்தான் நிறுத்துவேன். இன்னும் ஒரு கேள்வி. குளத்தின் வான்கதவு (மிஞ்சின தண்ணீரை வெளியே விடுகிற கதவு) திறந்து தண்ணீர் பாய்கிறதை இழைந்த மாதிரி எடுக்க ஆசை. என்னிடம் முக்காலி இல்லை, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகவும் வசதி இல்லை.

பாலைப்பழம்:

முக்காலி வேண்டாம். சின்னத் துணிப்பையில் ஒரு கிலோ அரிசி போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இருக்கையில் பையை வைத்து அதற்குள் கமராவை அமத்துங்கள். நடு வெயிலில் இது வெளுத்துவிடும், சூரியன் மறைகிற வேளையில் ஐஎஸ்ஓ 100, துவாரம் 16, கால் செக்கனிலிருந்து அரைச் செக்கன் வரை மாற்றி மாற்றிப் பாருங்கள். கையால் அமர்த்தினால் ஆடும், இரண்டு செக்கன் டைமர் போடுங்கள். லென்ஸில் அசைவு தடுக்கிற பொத்தான் இருந்தால் அந்த நேரம் அதை அணைத்துவிடுங்கள். கதவு திறந்திருக்கும்போது வான் பக்கம் கீழே இறங்க வேண்டாம், மேலே நின்றே எடுக்கலாம்.