மறுமொழி: ‘உராய்வெதிர்ப்பு உலோகப்பூச்சு’ சரிதானா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

டாங்கிப் பராமரிப்புக் கையேட்டுக்காக ஒரு சொல் கேட்டிருந்தார்கள்: உலோக உறுப்புகள் தேயாமலிருக்க அவற்றின் மேற்பரப்பைப் பக்குவப்படுத்தும் முறைகள் எல்லாவற்றுக்குமான பொதுச்சொல். அதற்கு ‘உராய்வெதிர்ப்பு உலோகப்பூச்சு’ என்பதைப் பலர் ஏற்றுவிட்டதாகத் தெரிகிறது. ஒலிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் இரண்டு பாதியுமே பொருளோடு ஒட்டவில்லை.

முதலில் ‘பூச்சு’. டாங்கியின் பற்சக்கரத்துக்குச் செய்வது கரியேற்றம். எஃகை 900 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிக் கரிமத்தை உள்ளே ஊடுருவ விட்டு, பிறகு சட்டென்று குளிர்விக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தோல் கடினமாகிறது. உள்ளே எஃகு அடி தாங்கும் குணத்தோடு அப்படியே இருக்கிறது. நைட்ரசன் ஏற்றுவதும் இதே வகைதான். வெப்பம் 500 பாகையை ஒட்டியே இருப்பதாலும், குளிர்விப்பால் கடினமாக்கும் வேலை இல்லாததாலும் உறுப்பு அதிகம் கோணாது. இந்த இரண்டிலும் மேலே எதையும் பூசவில்லை. உலோகமே மாறியிருக்கிறது. ‘பூச்சு உரிந்திருக்கிறதா எனப் பார்க்கவும்’ என்று கையேட்டில் ஒரு வரி வந்தால், படிக்கிற மெக்கானிக் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார்.

உரியக்கூடியது குரோம். பீரங்கிக் குழலின் உட்புறக் குரோமில் விரிசல் விழுந்தால் சூடான வாயு அதன் வழியே அடியிலுள்ள எஃகை அரிக்கும். அப்புறம் குரோம் செதில் செதிலாகப் பெயரும். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: முலாம். முலாம் இல்லாததன் விலைக்கு வியட்நாம் போர்க்கால எம்-16 துப்பாக்கியே சான்று. ஈரத்தில் அதன் தோட்டா அறை அரித்துக் குழிவிழுந்தது; சுட்ட உறை வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. பிறகுதான் அறைக்குக் குரோம் முலாம் பூசினார்கள். (வாயில் ‘பூசினார்கள்’ என்றுதான் வருகிறது. வினை போகட்டும், பெயர்ச்சொல்லிலாவது பிரித்து வைப்போம்.)

இனி ‘உராய்வெதிர்ப்பு’. தேய்மானம் குறைந்தால் உராய்வும் குறையும் என்று விதி ஒன்றும் இல்லை. கடினமான பரப்பு தேயாமல் நிற்கும், ஆனால் எண்ணெய் இல்லாமல் ஓடினால் கீச்சிடவும் செய்யும். மாங்கனீசு பாஸ்பேட் படலத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும், தன்னளவில் வழுக்காது. அதன் படிகங்களுக்கிடையே எண்ணெய் தங்குவதால்தான் புதிய பற்சக்கரம் முதல் ஓட்டத்தில் கீறல் விழாமல் பழகுகிறது. உராய்வை நேரடியாகக் குறைப்பது என்றால் மாலிப்டினம் டைசல்பைடு போன்ற உலர் மசகுதான். அதன் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும். அதை வேண்டுமானால் தாராளமாகப் ‘பூச்சு’ எனலாம்.

ஆகவே என் பரிந்துரை: எல்லாவற்றுக்கும் பொதுச்சொல் ‘புறப்பதம்’. இரும்பின் பதம் என்று கொல்லரும் சொல்வார்கள், படிப்பவருக்கும் புரியும். அதன்கீழ் ஊடுருவுவது ஏற்றம் (கரியேற்றம், நைட்ரசனேற்றம்), மின்பகுப்பால் படிவது முலாம், வேதிவினையால் தோலிலேயே விளைவது படலம், மேலே தடவுவது பூச்சு.

> (ஒரு நண்பர் கேட்டது) ‘புறணி’ என்று வைத்தால் என்ன? மூளைக்கு அதைத்தானே சொல்கிறோம்.

பொருள் பொருந்துகிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் ‘புறணி சரிபார்க்கவும்’ என்று எழுதினால் பணிமனையில் வேலை நின்று வம்பு தொடங்கிவிடும்.

‘பதம்’ சொல்லையும் குறிக்குமே என்ற தயக்கம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பற்சக்கரத்தின் பக்கத்தில் நிற்கும்போது யாரும் இலக்கணத்தை நினைக்கப்போவதில்லை. என்னை உறுத்துவது விமானத் தரையிறங்கு சக்கரக் கால்கள்தான். அவற்றுக்குக் குரோம் முலாமிடும் தொட்டியிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் (குரோமியத்தின் ஒரு வேதிவடிவம்) புற்றுநோய் தருவது என்பதால், பல இடங்களில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் கடினமான பொருளை அதிவேகச் சுடரில் தெளித்து ஒட்டவைக்கிறார்கள். அது முலாமும் இல்லை, தடவிய பூச்சும் இல்லை. ‘தெளிப்படை’ என்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கலாமா? தெளிப்புத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது சொன்னால் பட்டியலை முடித்துவிடலாம்.