நிவி பட்டமளிப்பு, துலா டூர், தாத்தா பாய்லர்

குழு: பெரியகடை வீதி சொந்தங்கள்

அப்பா: எல்லாருக்கும் ஒரு நல்ல சேதி. எங்க ரெண்டு பேருக்கும் ரஷ்யா விசா வந்துருச்சு. இ-விசாதான், ஆன்லைன்லயே போட்டோம், பிரிண்ட் எடுத்து கைல வெச்சுக்கணுமாம். வியாழக்கிழமை நிவி டாக்டருக்கு படிச்ச துலா ஊர்ல பட்டமளிப்பு, திங்கக்கிழமை ராத்திரி திரும்ப பிளைட். நடுவுல வெள்ளி சனி ஞாயிறு இருக்கு எங்க போலாம்னு சொல்லுங்க

கார்த்தி: டாக்டரம்மா 🔥🔥

பிரேமா பெரியம்மா: வாழ்த்துக்கள் டா நிவி கண்ணு 🙏🌹🌹

தீபா: சூப்பர் சித்தப்பா. மாஸ்கோ போங்க. ரெட் ஸ்கொயர்ல போட்டோ எடுக்காம வந்தா யாரும் நம்ப மாட்டாங்க

முருகேசன் சித்தப்பா: 👍

வசந்தா அத்தை: எத்தன பேர் போறீங்க

அப்பா: ரெண்டு பேருதான்க்கா. மேல எழுதிருக்கேனே

வசந்தா அத்தை: கண்ணாடி போடல

அம்மா: எனக்கு பக்குனு இருக்கு. துலாவுல டிரோன் வந்துச்சுனு யூட்யூப்ல போட்டான்

நிவி: இப்பதான் பாக்குறேன், வாட்ஸ்அப் இங்க ஒழுங்கா வேல செய்யாது, விபிஎன் போட்டாதான் வருது. அம்மா பயப்படாத. பொய்யுனு சொல்லல, சில நாள் ராத்திரி சைரன் வரும், மொபைல் நெட் கட் பண்ணிருவாங்க, மாஸ்கோ ஏர்போர்ட்ட சில மணி நேரம் மூடி திறப்பாங்க. இங்க துப்பாக்கி பாக்டரி இருக்குல்ல, பீட்டர் ராஜா 1712ல ஆரம்பிச்சது, இன்னும் ஓடுது. அதனாலதான் இந்த ஊர் மேல கண்ணு. ஆனா பகல்ல கடை தெரு எல்லாம் எப்பவும் போலதான்

அம்மா: இதுதான் பயப்படாதனு சொல்ற லட்சணமா

கார்த்தி: 😂😂

நிவி: மாஸ்கோவுக்கு ஒரு நாள் போதும் தீபாக்கா. குர்ஸ்கி ஸ்டேஷன்ல லாஸ்தொச்கா ட்ரெயின் ஏறுனா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல துலா. ஆறு வருஷமா இருக்கேன், எங்க ஊரத்தான் மொதல்ல காட்டுவேன். கிரெம்ளின் இங்கயும் இருக்கு

தீபா: கிரெம்ளின் மாஸ்கோலதான இருக்கு

நிவி: கிரெம்ளின்னா கோட்டை. பழைய ஊர் பல இடத்துல உண்டு. இது 1514ல இருந்து 1520க்குள்ள கட்டுனது, கீழ பாதி வெள்ளைக்கல், மேல பாதி செங்கல், ஒம்போது கோபுரம். தெற்க இருந்து கிரிமியா தாத்தார்க படை எடுத்து வரும்போது மாஸ்கோவுக்கு இதுதான் காவல். 1552ல அவங்க ராஜா, கான்னு சொல்வாங்க, நேர்ல வந்து முற்றுகை போட்டும் பிடிக்க முடியல. உள்ள போக காசு இல்ல, சுத்தி வந்தா ஒரு கிலோமீட்டர்தான், அப்பா முட்டிக்கு அது போதும்

அப்பா: என் முட்டிக்கு என்ன

அம்மா: ஒண்ணுமில்ல பாருங்க

ராஜாங்கம் பெரியப்பா: அன்புள்ள செல்வம், விசா கிடைத்தது மகிழ்ச்சி. துலா என்றதும் நீங்கள் எல்லோரும் கோட்டை, துப்பாக்கி என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அந்த ஊரிலிருந்து சுமார் 14 கிலோமீட்டரில் யாஸ்னயா போல்யானா இருக்கிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லை, அது ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1828ல் பிறந்த பண்ணை, 1910ல் வீட்டை விட்டுப் புறப்பட்டுப் போய் வழியில் ஒரு ரயில் நிலையத்தில் உயிர் விட்டவரை இங்கே கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள், கல்லறை என்று சொன்னாலும் கல் கிடையாது, பெயர் கிடையாது, சிலுவை கிடையாது, காட்டுக்குள் ஒரு பள்ளத்தின் ஓரத்தில் புல் முளைத்த மண்மேடு மட்டும், ஏன் அந்த இடம் என்றால் சிறுவயதில் அவர் அண்ணன் நிகோலாய் ஒரு பச்சைக் குச்சியில் மனிதர்கள் எல்லோரும் சண்டை இல்லாமல் சந்தோஷமாக வாழும் ரகசியத்தை எழுதி அங்கே புதைத்து வைத்திருப்பதாகக் கதை சொல்லியிருந்தார், அந்த இடத்திலேயே தன்னையும் புதைக்கச் சொன்னார். வீட்டு நூலகத்தில் 22,000 புத்தகங்களுக்கு மேல். (தொடரும்)

கார்த்தி: தொடரும்னா

பிரேமா பெரியம்மா: இவர் மாடிப்படில அடுக்கி வெச்சுருக்கற புத்தகத்த மொதல்ல எடுக்க சொல்லுங்க, ஒருநாள் வழுக்கி விழுந்து எனக்கும் மண்மேடுதான்

தீபா: அம்மா 🤣

வசந்தா அத்தை: நிவி அங்க என்ன வாங்கலாம். சேலை கிடைக்குமா

நிவி: சேலையா 😄 அத்தை, துலான்னா மூணு. சமோவார், பிரியானிக், துப்பாக்கி. ஹார்மோனியப் பொட்டி மாதிரி இழுத்து வாசிக்கற கார்மோனும் இந்த ஊர்தான்

பிரேமா பெரியம்மா: பிரியாணிக்கு என்ன

கார்த்தி: பிரேமா அத்தை அது பிரியாணி இல்ல

நிவி: பிரியானிக் பெரியம்மா. தேன், மசாலா வாசனை போட்ட கெட்டி கேக், நடுவுல ஜாம், மேல சர்க்கரைப் பூச்சு. 1685லயே ஊர் கணக்கேட்டுல இது பேர் இருக்கு. பிர்ச் இல்ல பேரி மரப் பலகைல எழுத்த திருப்பி செதுக்கி வெச்சுருப்பாங்க, மாவ அதுல அமுக்கி எடுத்தா எழுத்து நேரா விழும். கல்யாணத்துக்கு, பிறந்தநாளுக்குனு பேர் போட்டே செய்வாங்களாம். பெட்டில போட்டு தர்றாங்க, கொஞ்ச நாள் தாங்கும்

அம்மா: முட்டை போடுவானா

நிவி: பல கடைல போடுவாங்க, பாக்கெட் பாத்து வாங்கணும். பக்கத்துல பெல்யோவ்னு ஒரு ஊர்ல ஆப்பிள்ல பஸ்தில்லானு ஒண்ணு பண்ணுவாங்க, வேக வெச்ச ஆப்பிள் கூழ அடிச்சு காய வெச்சு அடுக்கடுக்கா, அதுல கண்டிப்பா முட்டை வெள்ளைக்கரு உண்டு, நீ தொடாத

அம்மா: நான் புளியோதரைப் பொடி கொண்டு வந்துருவேன்

வசந்தா அத்தை: சமோவார்னா என்னது அது

நிவி: போட்டோ போடுறேன் இருங்க

நிவி: 📷 படம்

நிவி: 📷 படம்

வசந்தா அத்தை: இது நம்ம பாய்லர்ல

அப்பா: ஆமா அப்படியே இருக்கு

வசந்தா அத்தை: நம்ம அப்பா டீக்கடை பாய்லர். குழா கூட அதே மாதிரி

நிவி: அதே தத்துவம்தான் அத்தை. நடுவுல ஒரு குழாய், அதுக்குள்ள கரி இல்ல பைன் மரக் காய் போட்டு எரிப்பாங்க, சுத்தி தண்ணி, கீழ குழா, மேல சின்ன டீ பாட் உக்காரும். போன கோடைல பிரெண்டு வீட்டு தோட்டத்துல நேர்ல பாத்தேன், அவ தாத்தா மொதல்ல தண்ணி நிரப்பிட்டுதான் நெருப்பே வெச்சார். தண்ணி இல்லாம பத்த வெச்சா ஈயப்பத்து உருகி எல்லாம் கழண்டு வந்துருமாம்

வசந்தா அத்தை: இதையேதான் அப்பா சொல்லும். காலைல நாலு மணிக்கு கடை திறக்கும்போது மொத ரெண்டு குடம் தண்ணி, அப்பறம் கரி, அப்பறம்தான் விபூதிப் பட்டை. நான்தான் குடம் தூக்குவேன். ஆம்பளப் பசங்க மூணு பேரும் தூங்குவானுங்க

அப்பா: அக்கா நானும் வந்துருக்கேன்

வசந்தா அத்தை: பன்னு திங்க வந்த

கார்த்தி: 😂😂😂 மாமா அவுட்

வசந்தா அத்தை: அந்த பாய்லர் இப்ப எங்க முருகேசா

(முருகேசன் சித்தப்பா தட்டச்சு செய்கிறார்...)

தீபா: பாப்கார்ன் எடுத்துட்டு வரேன்

முருகேசன் சித்தப்பா: அக்கா இத எத்தன தடவ பேசறது. அடில ஓட்டை. ஈயம் பூசி பூசி பூசறவனே வேணாம்னுட்டான். வீடு இடிச்சு கட்டறப்ப வெக்க இடம் இல்ல

வசந்தா அத்தை: செம்பு பாய்லர பழைய இரும்புக்காரன்ட்ட போட்ருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா பூச்செடி வெச்சாவது வெச்சுருப்பேன்

முருகேசன் சித்தப்பா: செல்வம் அண்ணன்ட்ட கேட்டுட்டுதான் போட்டேன்

வசந்தா அத்தை: செல்வம்???

அப்பா: நிவி டாலரா எடுத்துட்டு வரவா யூரோவா

கார்த்தி: அய்யோ மாமா 🤣🤣🤣

நிவி: எதுனாலும் சரிப்பா, ஆனா நோட்டா கொண்டு வாங்க. நம்ம விசா கார்டு மாஸ்டர் கார்டு எதுவும் இங்க 2022 மார்ச்லருந்து வேல செய்யாது

ராஜாங்கம் பெரியப்பா: (தொடர்ச்சி) மிக முக்கியமான செய்தி இனிமேல்தான். 1908 டிசம்பர் 14 தேதியிட்டு டால்ஸ்டாய் இந்த வீட்டிலிருந்துதான் தாரக்நாத் தாஸ் என்ற வங்காள இளைஞருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார், ஆயுதம் எடுக்கலாமா என்பதுதான் விவாதம், கூடாது என்பது இவர் பதில், அதில் நம் திருக்குறளை, இன்னா செய்யாமை அதிகாரத்துக் குறள்களை எடுத்துக் காட்டியிருக்கிறார், தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு 1909ல் டால்ஸ்டாயிடமே அனுமதி கேட்டு எழுதி தன் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் வெளியிட்டார், அடுத்த வருடம் ஜோகன்னஸ்பர்க் பக்கம் அவர் பெயரிலேயே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கினார், அங்கே இருந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். ஆகவே துப்பாக்கி செய்கிற ஊருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒருவர் குறளைக் காட்டி ஆயுதம் வேண்டாம் என்றிருக்கிறார். இதைப் பார்க்காமல் செல்வம் ஜாம் கேக் வாங்கிக்கொண்டு திரும்பினால் நான் பேசமாட்டேன்

முருகேசன் சித்தப்பா: 🙏

தீபா: அப்பா இது நிஜமாவே தெரியாதுப்பா. எந்தக் குறள்

ராஜாங்கம் பெரியப்பா: இன்னா செய்தாரை ஒறுத்தல் அவர்நாண
நன்னயம் செய்து விடல்

கார்த்தி: அப்ப தீர்ப்பு வந்துருச்சு. பாய்லர வித்த சின்ன மாமாவுக்கு நம்ம ஒரு சமோவார் வாங்கி குடுத்து நாண வெக்கணும்

தீபா: 🤣🤣🤣🤣

பிரேமா பெரியம்மா: 😀

வசந்தா அத்தை: அவனுக்கு எதுக்கு. எனக்கு வாங்கிட்டு வாங்க

முருகேசன் சித்தப்பா: நாண மாட்டேன் ஆனா வாங்கிட்டு வாங்க

அம்மா: மதினி அது எவ்வளவு வெயிட்டுனு தெரியாம சொல்லாதீங்க. எங்க பொட்டில ஏற்கனவே நிவி புத்தகம் வரணும்

வசந்தா அத்தை: உன் பொட்டில நான் என்னிக்கு கேட்டேன் கலா. செல்வம் பொட்டிலதான் கேட்டேன்

அம்மா: ரெண்டும் ஒரே பொட்டிதான் மதினி

நிவி: சண்ட வேணாம். சமோவார் சின்ன சைஸ்லருந்து இருக்கு, கரண்ட்ல ஓடறதும் உண்டு. பழைய பித்தளை சமோவார் சந்தைல கிடைக்கும், மேல பட்டறைக்காரங்க கண்காட்சில வாங்குன மெடல் எல்லாம் முத்திரையா குத்திருக்கும், பாக்கவே அழகு. ஆனா ரொம்ப பழசுன்னா நாட்ட விட்டு எடுத்துட்டுப் போக கலாச்சார அமைச்சகம் பேப்பர் குடுக்கணும், ஏர்போர்ட்ல மாட்டுவோம். புதுசு வாங்குனா தொல்லை இல்ல

கார்த்தி: மொதல்ல யாரு செஞ்சா இத

நிவி: துலாவுல மொத சமோவார் பட்டறை லிசித்ஸின்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரோடது, 1778. அப்பா துப்பாக்கி கொல்லர். துப்பாக்கி வேல செஞ்ச கைதான் பித்தளைக்கு போச்சு. சமோவார் மியூசியம் கோட்டைக்கு பக்கத்துலயே இருக்கு, கடைசி ஜார் பிள்ளைங்க அஞ்சு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணா குடுத்த குட்டி சமோவார் அஞ்சும் அங்க இருக்கு. இங்க ஒரு பழமொழி, துலாவுக்கு போறவன் சொந்த சமோவார் தூக்கிட்டு போக மாட்டான்னு

ராஜாங்கம் பெரியப்பா: கொல்லன் தெருவில் ஊசி விற்பது.

வசந்தா அத்தை: அண்ணன் தம்பி சேந்து செஞ்சுருக்கான். இங்க அண்ணன் தம்பி சேந்து வித்துருக்கான்

அப்பா: அக்கா போதும்க்கா

கார்த்தி: அம்மா ஃபார்ம்ல இருக்கு இன்னிக்கு

தீபா: நிவி ஆதிக்கு ஏதாவது பொம்மை கிடைக்குமா

நிவி: பிலிமோனவோ பொம்மை வாங்கறேன்க்கா. களிமண் விசில், பக்கத்து கிராமத்துது. மாடு, கரடி, பொம்பள எல்லாத்துக்கும் கழுத்து நீளமா இருக்கும், அந்த மண்ணு காயும்போது வெடிக்குமாம், வெடிப்ப தடவி தடவி இழுத்தே அந்த உருவம் வந்துச்சுனு சொல்றாங்க. சுட்டா வெள்ளையாயிரும், மேல செவப்பு மஞ்ச பச்சைனு கோடு கோடா. வால்ல ஊதணும்

முருகேசன் சித்தப்பா: அவன் ஊதி ஊதி அப்பார்ட்மென்ட்லருந்து காலி பண்ண சொல்லுவாங்க

தீபா: பரவால்ல ரெண்டு வாங்கு

அப்பா: சரி முடிவுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை கோட்டை, சமோவார் மியூசியம். சனி யாஸ்னயா போல்யானா. ஞாயிறு மாஸ்கோ. சரியா

நிவி: வெள்ளி காலைல எனக்கு டிப்ளமா பேப்பர் வேல இருக்குப்பா, மதியம்தான் ப்ரீ. யாஸ்னயா போல்யானா திங்க லீவு, அதனால அத தள்ளிப் போட முடியாது

கார்த்தி: மாமா அந்த துப்பாக்கி மியூசியம் விட்றாதீங்க, கட்டடமே பழைய போர்வீரன் தலைக்கவசம் ஷேப்ல இருக்கு

அம்மா: எனக்கு துப்பாக்கி வேணாம். ஆத்தங்கரைல உக்காந்தா போதும்

நிவி: உபா ஆறு பக்கத்துலயேதான். கோட்டைச் சுவர ஒட்டி நடக்க நல்லா போட்டுருக்காங்க, அங்க ஒரு டீ குடிக்கலாம். பால் இருக்காது, கட்டி டிக்காஷன் கொஞ்சம், மேல வெந்நீர், தொட்டுக்க ஜாம்

அப்பா: பால் இல்லாத டீக்கு 14 கிலோமீட்டரா

நிவி: அது டால்ஸ்டாய் வீடு. ஆறு ஊருக்குள்ள

ராஜாங்கம் பெரியப்பா: மண்மேட்டின் அருகில் போகும்போது பேசக்கூடாது. செல்வம் போனை அணைத்து வைக்கவும். முடிந்தால் அந்தக் குறளை மனதுக்குள் ஒருமுறை சொல்லவும்.

அப்பா: சரிண்ணே

பிரேமா பெரியம்மா: எனக்கு ஒரு ஸ்வெட்டர்

அம்மா: அக்கா அங்க ஜூலைல வெயில்

பிரேமா பெரியம்மா: நமக்கு கொடைக்கானல் போக

கார்த்தி: அப்ப சமோவார் யாருக்கு முடிவாச்சா

முருகேசன் சித்தப்பா: வாங்கட்டும் பாக்கலாம்

அம்மா: வெயிட் பாத்துட்டு

ராஜாங்கம் பெரியப்பா: பொதுவாக வைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது எடுக்கலாம்.

வசந்தா அத்தை: பொதுன்னா யார் வீட்டுல இருக்கும்

தீபா: குட் நைட் எல்லாருக்கும் 😴

அப்பா: நாளைக்கு பேசுவோம்

வசந்தா அத்தை: நிவி கண்ணு அந்த ரெண்டாவது போட்டோல இருக்கறது என்ன விலைனு விசாரி. பணம் நான் கார்த்திட்ட அனுப்ப சொல்றேன். மாமன் சித்தப்பன் யாருக்கும் சொல்லாத

கார்த்தி: அம்மா இது குரூப்

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

முருகேசன் சித்தப்பா: படிச்சுட்டோம்க்கா