‘நான்சென்ஸ்’ என்பதற்கு ஆங்கிலேயர் வேறு என்னென்ன சொல்கிறார்கள்?

கேள்வி:
லண்டனில் உள்ள வாடிக்கையாளர் ஒருவருடன் நாள்தோறும் தொலைபேசியில் பேசும் வேலை எனக்கு. சென்ற வாரம் ஒரு வதந்தியைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் ‘லோட் ஆஃப் காட்ஸ்வாலப்’ என்று சொல்லிச் சிரித்தார். பொருள் புரியாமலேயே நானும் சிரித்து வைத்தேன். இத்தகைய சொற்களில் எதை எங்கே சொல்லலாம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
‘சுத்த அபத்தம்’ என்பதே அதன் பொருள்; ‘காட்ஸ்வாலப்’ பிரிட்டனுக்கே உரிய, கேலி கலந்த சொல். நம் ஊர் கோலி சோடா பாட்டிலை வடிவமைத்த ஹைரம் காட் என்பவரின் பெயரிலிருந்தே அது பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. ஆனால் அவர் 1887இல் இறந்துவிட்டார்; அகராதிகள் காட்டும் பழைய சான்றுகளோ 1950களுக்கு முன்னே செல்வதில்லை. ஆகவே அந்தக் கதையே ஒரு காட்ஸ்வாலப்தான்! அன்றாடப் பேச்சுக்கு ‘ரப்பிஷ்’ போதும். அமெரிக்கர் என்றால் ‘பலோனி’, ‘மலார்க்கி’ என்பார்கள். 2012 துணை அதிபர் விவாதத்தில் ஜோ பைடன் பயன்படுத்தியது பின்னதை.

பதில் 2:
மேலே சொன்னவற்றோடு ‘ஜிப்ரிஷ்’ என்பதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மற்றவை பொய்யையோ அபத்தத்தையோ குறிக்க, இது காதில் விழுந்தும் விளங்காத உளறலைக் குறிக்கும். எழுத்துரு சரியில்லாமல் கட்டம் கட்டமாகத் திறக்கும் கோப்பையும் அப்படிச் சொல்லலாம். ‘ஹாக்வாஷ்’ என்பது பன்றிக்கு ஊற்றும் கழுநீர், அதாவது சத்தில்லாத பேச்சு. வெற்றுப் பேச்சைக் குறிக்கும் ‘பங்க்கம்’ பிறந்த கதை சுவையானது: 1820இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மிசௌரி குறித்த விவாதம் நடந்தபோது, வட கரோலினாவைச் சேர்ந்த ஃபீலிக்ஸ் வாக்கர், உறுப்பினர்கள் நிறுத்தச் சொல்லியும் கேளாமல், தம் தொகுதியான பன்கம் மாவட்டத்துக்காகவே பேசுவதாகச் சொல்லித் தொடர்ந்தார். அதன் சுருக்கமான ‘பங்க்’கிலிருந்துதான் பொய்யை உடைப்பதைக் குறிக்கும் ‘டிபங்க்’ வந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மேலதிகாரியிடம் ‘ரப்பிஷ்’ என்று சொல்லலாமா?

பதில் 2:
அவர் சொன்னதைப் பற்றி அவரிடமே சொன்னால் கோபம் வரும். மூன்றாம் நபர் கிளப்பிய வதந்தியைப் பற்றிச் சொன்னால் வராது. இன்னொன்று: நாம் ஆளைப் பார்த்து ‘யூ நான்சென்ஸ்’ என்று திட்டுகிறோமே, அந்த வழக்கு அங்கே இல்லை. அந்தச் சொல் பேச்சுக்குத்தான், ஆளுக்கு அன்று.